வேந்தர் என்பவர் யார்?



பல ஆண்டுகளுக்கு முன், மருதமலைச் சாரலில் அமைந்த பாரதியார் பல்கலைக்கழகத்தில் நான் முதுகலைப் பட்டம் பெற்றேன். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நெல்லும் மஞ்சளும் விளைவித்து வந்த என் தந்தையார், பட்டமளிப்பு விழாவைக் காணச் சலவை வேட்டி உடுத்து வந்திருந்தார். விழா மேடையிலிருந்து, "மாண்புமிகு வேந்தர் அவர்கள்" என்று ஒலிபெருக்கி பன்முறை முழங்கிற்று. விழா முடிந்து பேருந்துக்காகக் காத்து நின்றபோது அவர் மெல்லக் கேட்டார்:

"ஏங்கண்ணு, வேந்தர் வேந்தர்னு சொன்னாங்களே, அவரு எந்தச் சீமைக்கு ராசா?"

"ராசா இல்லீங்கப்பா. நம்ம மாநிலத்து ஆளுநருங்க."

"சரி, உன்ற பட்டத்துல கையெழுத்துப் போட்டிருக்கறது யாரு?"

பட்டச் சான்றிதழை விரித்துப் பார்த்தேன். அதில் இருந்தது துணைவேந்தரின் கையொப்பம். அதைச் சொன்னதும் தந்தையார் சிரித்தார். "அப்படீன்னா பேரு ஒருத்தருக்கு, வேலை ஒருத்தருக்கா?" என்றார்.

முதுகலை கற்று முடித்த எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. பின்னர்க் கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டேன். அப்பொழுதுதான் என் தந்தையாரின் கேள்வி எவ்வளவு ஆழமானது என்பதை உணர்ந்தேன். அதற்கு நான் கண்ட விடையையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வேந்தர் என்றதும் நம் நெஞ்சில் தோன்றுவோர் சேரரும் சோழரும் பாண்டியரும் ஆவர். மூவேந்தரும் மாறிமாறி உரிமை கொண்டாடிய நாடு நம் கொங்கு நாடு. ஆகவே வேந்தர் என்ற சொல்லைக் கேட்டு என் தந்தையார் ஒரு முடியையும் ஒரு சீமையையும் எண்ணிப் பார்த்ததில் வியப்பில்லை. சான்ஸலர் என்ற பதவிப் பெயருக்கு நேராகவே இச்சொல்லைத் தமிழில் வழங்குகிறோம். அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவரை நாம் துணைவேந்தர் என்கிறோம். இலங்கைத் தமிழர் உபவேந்தர் என்கின்றனர். இவ்விருவருக்கும் இடையே இணைவேந்தர் என்று ஒரு பதவியும் உண்டு.

சான்ஸலர் என்ற மூலச் சொல்லுக்கோ அரசன் என்ற பொருள் சிறிதும் இல்லை. இலத்தீன் மொழியில் கான்செல்லி என்றால் அளிக்கதவு, அதாவது குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் இட்ட தடுப்பு. உரோமாபுரியின் நீதிமன்றங்களில் நீதிபதிகளையும் பொதுமக்களையும் பிரித்து நின்றது அத்தடுப்பு. அதன் அருகே நின்று, உள்ளே வருவோரையும் மனுக்களையும் ஒழுங்குபடுத்திய ஊழியரே முதல் சான்ஸலர். காலப்போக்கில் அவர் எழுத்தராகவும், ஓலைகளுக்கு முத்திரையிடும் அதிகாரியாகவும் உயர்ந்தார். வாயிற்காவலர் ஒருவரின் பெயர் தமிழில் முடிசூடிக்கொண்டது! இந்த வேடிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு இது பயன்படும்.

இவர் கல்வி உலகிற்குள் எவ்வாறு நுழைந்தார்? கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரின் நோத்ருதாம் பேராலயத்தில் சான்ஸலர் ஒருவர் இருந்தார். அந்நகரில் ஆசிரியராக விரும்பிய எவரும் அவரிடம் உரிமம் பெற வேண்டும். உரிமம் தருவதும் மறுப்பதும் அவர் கையில் இருந்தமையால், பேராசிரியர்களுக்கும் அவருக்கும் ஓயாத பூசல் விளைந்தது. 1231-ஆம் ஆண்டில் ஒன்பதாம் கிரெகொரி என்னும் போப்பாண்டவர் ஓர் ஆணை பிறப்பித்தார். தகுதியுடையோருக்கே உரிமம் வழங்குவதாகச் சான்ஸலர் உறுதிமொழி ஏற்க வேண்டும்; உரிமம் கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால், மூன்று மாதத்திற்குள் பேராசிரியர்களிடம் விசாரித்து, தருவதா மறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும் என்று அவ்வாணை கூறிற்று. வாயிலைக் காப்பவர் வாயிலை அடைத்தே வைத்திருக்கலாகாது என்ற கருத்து பல்கலைக்கழகத்தைப் போலவே பழமையானது என்பதற்கு இது சான்று.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சான்ஸலர் பதவி தோன்றிவிட்டது. தொடக்கத்தில் அவர் பல்கலைக்கழகத்திலேயே வாழ்ந்து பணிபுரிந்தார். பிற்காலத்தில் பெரும்பிரபுக்களும் அமைச்சர்களும் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் அரசவையில் இருந்தனர். பல்கலைக்கழகத்தின் அன்றாடப் பணிகளை அவர்களுடைய துணைவரே கவனித்தார். "பேரு ஒருத்தருக்கு, வேலை ஒருத்தருக்கு" என்று என் தந்தையார் சொன்ன ஏற்பாடு இவ்வாறுதான் பிறந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் நிறைவேறியது. அக்காலத்து இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட இம்மூன்றும் பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கின. சென்னைக்கு முதல் வேந்தர் அப்போதைய ஆளுநர் ஹாரிஸ் பிரபு. தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர்.

ஆளுநரையே வேந்தராக்கியது ஏன்? பட்டம் என்பது ஒரு நாணயம் போன்றது. அதை வெளியிடுபவர்மீது நம்பிக்கை இருந்தால்தான் அது செல்லும். அந்நாளில் மாகாணத்தின் தலைவர் ஆளுநர். பணம் அவர் அரசிடமிருந்தே வரவேண்டும். பட்டத்திற்கு அரசின் மதிப்பைத் தேடித் தருவதற்கும், அதே வேளையில் கற்றோர் கூட்டத்தை அரசின் கண்பார்வையில் வைத்திருப்பதற்கும் இந்த ஏற்பாடு பயன்பட்டது. மதிப்பும் கண்காணிப்பும் ஒரே ஆசனத்தில் அமர்ந்தன.

அக்காலத்துக் கோயம்புத்தூருக்குப் பல்கலைக்கழகம் தொலைவில் இருந்த ஒன்று. 1852-இல் இங்குப் பள்ளியாகத் தோன்றிய நிறுவனமே பின்னர் அரசு கலைக் கல்லூரியாக வளர்ந்தது. 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்கு இடம் பெயர்ந்து வேளாண் கல்லூரியாயிற்று. அவற்றின் மாணவர்கள் சென்னையின் பட்டத்தையே பெற்றனர். 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1982-இல் பாரதியார் பல்கலைக்கழகமும் கோவையிலேயே எழுந்தன. இரண்டிற்கும் ஆளுநரே வேந்தர் எனச் சட்டம் வகுத்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்கு வேளாண்மை அமைச்சரும், பாரதியார் பல்கலைக்கழகத்திற்கு உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சரும் இணைவேந்தர் ஆவர்.

வேந்தருக்குச் சட்டம் தரும் பணிகள் யாவை? அவர் பல்கலைக்கழகத்தின் தலைவர்; பட்டமளிப்பு விழாவுக்கு வந்தால் தலைமை தாங்குபவர். ஆட்சிப்பேரவை இயற்றும் விதிகளுக்கு அவருடைய இசைவு வேண்டும். பேரவைகளில் சில உறுப்பினரை அவர் நியமிக்கிறார். இவை அனைத்திலும் தலையாயது துணைவேந்தரை நியமிப்பதாகும். தேடல் குழு ஒன்று தகுதியுடையோரை ஆராய்ந்து பெயர்ப் பட்டியலை அளிக்கும்; அப்பட்டியலிலிருந்து ஒருவரை வேந்தர் தேர்ந்து அமர்த்துவார். அவ்வாறு அமர்ந்த துணைவேந்தரே மூன்று ஆண்டுகளுக்குப் பாடத்திட்டம், தேர்வு, பேராசிரியர் நியமனம், ஆராய்ச்சி, வரவு செலவு ஆகிய அனைத்தையும் நடத்துகிறார்.

இதை நம் ஊர் வழக்கில் விளக்குகிறேன். பவானி ஆற்றின் நீரை ஈரோட்டுப் பக்கத்து வயல்களுக்குக் கொண்டு செல்லும் காலிங்கராயன் வாய்க்காலை நீங்கள் அறிவீர்கள். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட வாய்க்கால் அது. அதன் மதகைக் காக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நீர் அவருடையதன்று, வயல் அவருடையதன்று, விளைச்சலும் அவருடையதன்று. ஆயினும் உரிய நாளில் அவர் மதகைத் திறந்தால்தான் கடைமடை வரை பயிர் தழைக்கும். தகாத நேரத்தில் திறந்தாலும் கேடு; திறக்காமலே இருந்தாலும் கேடு. வேந்தரின் நிலை ஏறத்தாழ இதுவே. பல்கலைக்கழகத்தில் அவர் ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய வேலைகள் சிலவே. ஆனால் அந்தச் சிலவற்றைச் செய்யாமல் விட்டால் மற்றவர் எவருடைய வேலையும் நடைபெறாது.

சரி, இப்பதவிக்கு வருவோரின் பின்னணி யாதாக இருக்க வேண்டும்? ஆளுநர் என்ற முறையில் வேந்தராகும் ஒருவருக்குக் கல்வித்துறை அனுபவம் வேண்டுமென்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. எனவே சட்டத்தை விட்டு வரலாற்றைக் கேட்போம். நம் கொங்கு மண்ணிலிருந்தே அதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன.

திருச்செங்கோட்டிற்கு அருகே உள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தாராகிய ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். அவர் ஆட்சிக் காலத்தில்தான் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1962-இல் அவர் மகாராட்டிர ஆளுநரானார். அப்பதவியின் வழியே பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேந்தருமானார். சில மாதங்களிலேயே, அதே ஆண்டு அக்டோபரில், பதவியில் இருக்கையிலேயே மறைந்தார்.

பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் பிறந்த சி. சுப்பிரமணியம், 1952 முதல் 1962 வரை சென்னை மாநிலத்தில் கல்வி உள்ளிட்ட துறைகளின் அமைச்சராக இருந்தார். கல்வி அமைச்சரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தர் என்பதால் அப்பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. காமராசர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் வளர்ந்த காலம் அது. பின்னர் நடுவண் அரசின் உணவு அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு வழிகோலினார். 1990 முதல் 1993 வரை மகாராட்டிர ஆளுநராக இருந்தபோது அம்மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வேந்தரானார். ஒருவரே இணைவேந்தராகவும் வேந்தராகவும் இருந்து, கல்வியின் இரு புறத்தையும் கண்டது அரிய நிகழ்ச்சி. திருப்பூரைச் சேர்ந்த சி. பி. இராதாகிருஷ்ணன் 2024-இல் அதே மகாராட்டிரத்தின் ஆளுநரானார். 2025 செப்டம்பரில் அவர் குடியரசுத் துணைத்தலைவராகப் பொறுப்பேற்றார். தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் பதவி குடியரசுத் துணைத்தலைவரைச் சேர்ந்தது. கொங்கு நாட்டினர் மூவர் ஒரே மாநிலத்தின் ஆளுநராகவும், அதனால் வேந்தராகவும் இருந்தனர் என்பது உங்களுட் பலர் அறியாத செய்தியாக இருக்கலாம்.

இவர்கள் பதவியின் வழியே வேந்தரானவர்கள். கல்விப் பணியின் வழியே அந்த ஆசனத்தை அடைந்தோரும் நம்மிடையே உண்டு. திருப்பூரில் 1903-இல் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தைத் தொடங்கினார்; 1946 முதல் 1949 வரை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார்; தமிழில் கலைக்களஞ்சியம் வெளிவர முன்னின்றார். 1957-இல் கோவையில் அவர் நிறுவிய மனையியல் கல்லூரி, 1988-இல் பல்கலைக்கழகத்திற்கு நிகரான தகுதி பெற்றது. அத்தகுதி பெற்ற நிறுவனங்களில் ஆளுநர் வேந்தர் அல்லர். நிறுவிய அமைப்பே வேந்தரை அமர்த்துகிறது. உணவூட்ட இயலில் புகழ்பெற்ற அறிஞர் இராஜம்மாள் தேவதாஸ் அங்கே துணைவேந்தராகப் பணியாற்றிப் பின்னர் வேந்தராகவும் விளங்கினார். வகுப்பறையிலிருந்து வேந்தர் ஆசனம் வரை ஒரு பெண்மணி ஏறிச் சென்ற வரலாறு அது.

பதவியால் வந்தவராயினும் பணியால் வந்தவராயினும், நல்ல வேந்தருக்கு அடையாளம் ஒன்றே. தம் எல்லையை அறிந்திருப்பதே அது. எல்லையைப் பற்றிய பூசலுக்கு 1923-ஆம் ஆண்டின் கல்கத்தா ஓர் எடுத்துக்காட்டு. அப்போது வங்காள ஆளுநராகிய லிட்டன் பிரபு வேந்தர். சர் ஆசுதோஷ் முகர்ஜி துணைவேந்தர். பல்கலைக்கழகத்தின் மீது அரசின் பிடியை இறுக்கும் முயற்சிகளை ஆசுதோஷ் எதிர்த்து வந்தார். எதிர்ப்பைக் கைவிட்டு அரசுடன் ஒத்துழைப்பதாயின் மீண்டும் பதவி தரலாம் என்னும் கருத்துப்பட வேந்தர் எழுதினார். அந்த நிபந்தனையை ஆசுதோஷ் ஏற்கவில்லை. பதவியையே வேண்டாமென்று விட்டார். கையெழுத்திடுபவரின் மனம் கட்டுண்டிருந்தால் பட்டத்தின் மதிப்பும் கட்டுண்டுபோகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறிற்று. ஆளுநர் தம் அரசியலமைப்புக் கடமைகளைப் பொதுவாக அமைச்சரவையின் அறிவுரைப்படியே செய்கிறார். ஆனால் வேந்தர் பதவியை அவருக்கு அளித்தது அரசியலமைப்பு அன்று. அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டமே. அப்படியானால் வேந்தராக அவர் எடுக்கும் முடிவும் அமைச்சரவையின் அறிவுரைக்கு உட்பட்டதா? இதுவே சிக்கலின் வேர். கேரளத்தின் கண்ணூர்ப் பல்கலைக்கழக வழக்கில் 2023 நவம்பர் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், துணைவேந்தரை நியமிக்கையில் வேந்தர் தம் சொந்த முடிவின்படியே நடக்க வேண்டும் என்று கூறி, பிறர் தலையீட்டால் நடந்த மறுநியமனம் ஒன்றை நீக்கியது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. துணைவேந்தர் நியமன அதிகாரத்தை வேந்தரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றும் சட்ட முன்வரைவுகளை 2022-இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2023 நவம்பரில் ஆளுநர் பத்து முன்வரைவுகளுக்கு இசைவளிக்காமல் திருப்பினார். சட்டமன்றம் அவற்றை மீண்டும் நிறைவேற்ற, அவர் அவற்றைக் குடியரசுத் தலைவரின் முடிவுக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அவை இசைவு பெற்றனவாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. மே 21-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் நியமன அதிகாரத்தை மாற்றும் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20-ஆம் நாள், குடியரசுத் தலைவர் எழுப்பிய வினாக்களுக்கு விடையளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, இசைவளிக்க நீதிமன்றம் காலக்கெடு விதிக்க இயலாது என்றும், இசைவு பெற்றதாகக் கருதும் முறை அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்றும், ஆயினும் காரணமின்றி முடிவில்லாமல் தாமதித்தால் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம் என்றும் கருத்துரைத்தது.

இரு தரப்பிலும் வாதம் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த அரசே பல்கலைக்கழகத்திற்குப் பொருள் தருகிறது, மக்களுக்கு விடை சொல்லும் கடமையும் அதற்கே உண்டு, ஆகவே நியமன அதிகாரமும் அதனிடம் இருப்பதே முறை என்பது ஒரு வாதம். 2010-இல் அறிக்கை அளித்த புஞ்சி ஆணையமும், அரசியலமைப்பு கூறாத இத்தகைய பதவிகளை ஆளுநர்மீது சுமத்த வேண்டியதில்லை என்றது. ஆளும் கட்சியின் கையில் நியமனம் சென்றால் கல்வியில் அரசியல் புகும், பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளும் வேந்தரே நியமிக்க வேண்டும் என்கின்றன என்பது மறுவாதம். தேடல் குழுவில் மானியக் குழுவின் உறுப்பினர் இடம்பெற வேண்டுமா என்பதிலும் உடன்பாடு ஏற்படவில்லை. இதனிடையே, 2022 அக்டோபரில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பின், பாரதியார் பல்கலைக்கழகத்தின் நிருவாகம் நெடுநாள் ஒரு குழுவின் பொறுப்பில் நடந்தது.

மதகு எவர் கையில் இருக்க வேண்டும் என்று கரையில் வழக்கு நடக்கும்போது வயல் என்ன ஆகிறது? அதையும் நான் கண்டிருக்கிறேன். என் மாணவி ஒருத்தி. கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவள். பெயர் சொல்ல வேண்டாத ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பை முடித்தாள். வெளிநாட்டில் ஆராய்ச்சிக்கு இடமும் கிடைத்தது. அங்கே தற்காலிகச் சான்றிதழை ஏற்கவில்லை. பட்டச் சான்றிதழே வேண்டும் என்றனர். பட்டமளிப்பு விழாவோ நடந்தபாடில்லை. வாரந்தோறும் அவள் தந்தையார் என் வீட்டிற்கு வருவார். திண்ணையில் அமர்ந்து, "பட்டம் வந்துருமுங்களா வாத்தியாரய்யா?" என்று கேட்பார். நான் யாருக்கு எழுதலாம், யாரைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புவேன். சான்றிதழ் கிடைத்தபோது குறித்த நாள் கடந்து போயிருந்தது. அவள் இப்போது உள்ளூரிலேயே ஒரு பள்ளியில் கற்பிக்கிறாள். நன்றாகவே கற்பிக்கிறாள். ஆனால் அந்த இடம் அவளுக்கு மீண்டும் வரவில்லை.

வேந்தர் யார் என்ற கேள்வி வெறும் சட்ட நுணுக்கம் என்று எண்ணுவோருக்கு நான் சொல்லும் மறுமொழி அந்தத் திண்ணைதான்.

வேறு வழிகள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 2013-இல் தோன்றிய தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்திற்கு முதலமைச்சரே வேந்தர் எனச் சட்டம் வகுத்தது. தாகூர் நிறுவிய விசுவபாரதிக்குப் பிரதமர் வேந்தர். ஆக்ஸ்ஃபோர்டில் பட்டதாரிகளே வாக்களித்து வேந்தரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 2024-இல் அத்தேர்தல் இணையவழியில் நடைபெற்றது. உலகெங்கும் உள்ள அதன் பழைய மாணவர்கள் இருந்த இடத்திலிருந்தே வாக்களித்தனர். ஆனால் அங்கே வேந்தருக்குச் சிறப்பு மிகுதி, அதிகாரம் குறைவு. ஒவ்வொரு முறைக்கும் ஒரு நன்மையும் ஒரு குறையும் இருக்கவே செய்கின்றன.

எனக்குத் தெளிவாகத் தோன்றும் உண்மை ஒன்று உண்டு. வேந்தர் ஆளுநராக இருக்கலாம், முதலமைச்சராக இருக்கலாம், அறிஞராக இருக்கலாம். எவராயினும், முடிவெடுக்க வேண்டிய நாளும் முடிவுக்கான காரணமும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 1231-இல் பாரிஸின் பேராசிரியர்கள் மூன்று மாதம் என்று ஓர் எல்லையைப் பெற்றனர். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் மாணவர்கள் நாள் தெரியாமல் காத்திருக்க வேண்டுமா? நாள் குறித்த சட்டத்தை நீதிமன்றம் இயற்ற முடியாது. சட்டமன்றங்களும் நாடாளுமன்றமுமே இயற்ற வேண்டும். அவற்றைத் தேர்ந்தெடுப்போர் நாளை நீங்களே.

மாணவர்களே, உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். நீங்கள் பயிலும் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது? அதன் சட்டத்தை ஒருமுறையேனும் படித்துப் பாருங்கள். வேந்தர் எவர், துணைவேந்தர் எங்ஙனம் வருகிறார், ஆட்சிப்பேரவையில் யார் யார் அமர்கின்றனர் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். புரியாத இடத்தை ஆசிரியரிடம் கேளுங்கள். ஆசிரியருக்கும் தெரியாவிடில் இருவரும் சேர்ந்து தேடுங்கள்; எனக்குத் தெரியாமல் போனதைப் போல் அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

என் தந்தையார் இன்று இல்லை. அவர் அன்று பேருந்து நிறுத்தத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். "அப்பா, அவர் எந்தச் சீமைக்கும் ராசா இல்லீங்க. அவர் மதகுக்காரர். தண்ணீர் நம்முடையது. அவர் நேரத்தோட திறக்கறாரான்னு பார்த்துக்க வேண்டியது நம்ம வேலைங்க" என்று சொல்வேன். வாழ்நாள் முழுவதும் வாய்க்கால் பாசனத்தில் பயிர் செய்த அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டிராது.